பணியில் சேர்ந்து பன்னிரண்டு நாள். ஜிஎம்சி எண் கேட்கிறார்கள், எல்லாம் நிற்கிறது

கரூர்க்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. ஊரில் பதினோரு ஆண்டு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவன். நேற்று மாலை மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஜிஎம்சி, அதாவது இங்குள்ள பொது மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணை ஐந்து வேலை நாளுக்குள் தர வேண்டுமாம். தராவிட்டால் பணி நியமனத்தை மறுபரிசீலனை செய்ய நேரும் என்று எழுதியிருக்கிறார்கள். என்னிடம் அந்தப் பதிவு கிடையாது. நேர்காணலில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

என் அடையாள அட்டைக்குப் பாதிக் கதவுகள் திறப்பதில்லை. வங்கிக் கணக்கு இன்னும் தொடங்க முடியவில்லை, அதனால் இந்த மாதச் சம்பளம் வருமா என்றே தெரியவில்லை. மனைவியும் ஆறு வயது மகளும் 28ஆம் தேதி வந்து இறங்குகிறார்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நான் இருப்பதோ ஒரு மாதத்துக்கு எடுத்த ஒற்றை அறை. இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. சேர்ந்த இரண்டாவது வாரமே துறைத்தலைவர் முன்னால் பிரச்சினையோடு போய் நிற்க மனம் வரவில்லை.

ஐந்து நாளில் ஜிஎம்சி பதிவு பெற ஏதாவது வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

நியூகாசில் மருத்துவர்

தம்பி, ஐந்து நாளில் நடக்காது. ஐந்து மாதத்தில் நடந்தாலே பெரிது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7.5, எந்தப் பிரிவிலும் 7க்குக் குறையக் கூடாது. அதற்குப் பிறகு வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வு, முதல் பகுதி, இரண்டாம் பகுதி. உங்கள் எம்பிபிஎஸ் சான்றிதழைத் தனியாகச் சரிபார்ப்பார்கள். இன்றைக்கே ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மனம் உடைய வேண்டாம். நான் 2005இல் வந்தேன். லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டில் பதினொரு மருத்துவர்கள் இருந்தோம். படுக்கை நான்கு, முறை வைத்துத் தூங்குவோம். பிளாப் இரண்டு பகுதியும் தேறிவிட்டேன், வேலை மட்டும் கிடைக்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது விண்ணப்பம் அனுப்புவேன். மதிய உணவுக்குக் கோவில் அன்னதானம். அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் எம்பிபிஎஸ் படித்தவர்கள். 2006 மார்ச்சில் ஒரு நாள் திடீரென்று விதியை மாற்றினார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்த மருத்துவர்கள் இனிமேல் வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் பயிற்சிப் பணியில் சேர முடியாது என்று அறிவித்து, ஏப்ரலிலேயே அமலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். என் அறையில் இருந்த மூன்று பேர் அந்த மாதமே ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் தன் கோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நம் மருத்துவர் சங்கமான பாபியோ நீதிமன்றம் போனது. 2008இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை சென்று வழக்கில் வென்றார்கள். போனவர்கள் போனதுதான்.

இதையெல்லாம் தாண்டித்தான் நான் இன்று கன்சல்டன்ட். உங்களாலும் முடியும். பிளாப் எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்து அக்கா

தம்பி, முதலில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இதை வாசியுங்கள்.

நான் உடற்றொழிலியல் (பிசியாலஜி) விரிவுரையாளர். யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் படித்தவள், இங்கே வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. என்னிடம் ஜிஎம்சி பற்றி யாரும் கேட்டதில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறு. பிள்ளையையும் மனைவியையும் ஒற்றை அறைக்குக் கூட்டி வரப் போகிறீர்களா? டிக்கெட்டின் தேதியை மாற்றுங்கள். அபராதம் கட்டினாலும் பரவாயில்லை. நான் வந்த முதல் குளிர்காலத்தில் கைக்குழந்தையோடு ஈரம் பிடித்த அறையொன்றில் இருந்தேன். சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். பிள்ளைக்கு மார்ச் வரை இருமல் நிற்கவேயில்லை. வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும்போதும் என் காது அந்த இருமலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வீடு ஒழுங்கான பிறகு அவர்களைக் கூப்பிடுங்கள்.

பர்மிங்காம் நெல்லையாள்

அக்கா சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தயவுசெய்து தேதியை மாற்ற வேண்டாம், அண்ணா. என் கணவரும் மருத்துவப் புலத்தில்தான் வேலை செய்கிறார். "வீடு கிடைத்ததும் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர், எங்களைக் கூப்பிட ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் அவர் ஒன்பது கிலோ இளைத்திருந்தார். விமான நிலையத்தில் என் மகன் அவரை அடையாளம் தெரியாமல் என் பின்னால் ஒளிந்துகொண்டான். வீட்டை மூன்று பேரும் சேர்ந்தே தேடிக்கொள்ளலாம். குடும்பம் பக்கத்தில் இருந்தால் மின்னஞ்சலைப் பார்த்து இவ்வளவு பயம் வராது.

கார்டிஃப் கண் மருத்துவர்

கேள்வி ஜிஎம்சியைப் பற்றியது, அதற்கு வருவோம். மருத்துவப் புலத்தில் கற்பிப்பவருக்கு ஜிஎம்சி பதிவு கட்டாயம். எங்கள் துறையில் எல்லோருக்கும் இருக்கிறது. சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும், ஆனால் மருத்துவமனைக்குள் கால் வைக்க அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் தனியாக ஒரு கௌரவ ஒப்பந்தம் தரும். அந்த ஒப்பந்தத்துக்குப் பதிவு எண், தொழில்சார் சுகாதாரப் பிரிவின் அனுமதி, குற்றப் பின்னணிச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். நேர்காணலில் கேட்காதது அவர்கள் பிழை. அதற்காக விதி மாறிவிடாது. தகவலை மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள்.

எடின்பரோ உடற்கூறியல்

கார்டிஃப் டாக்டர், உங்கள் துறையில் எல்லோரும் நோயாளிகளைப் பார்க்கிறவர்கள். அதனால் எல்லோருக்கும் பதிவு இருக்கிறது. மருத்துவப் புலம் என்றால் கண் மருத்துவம் மட்டுமா? உயிர்வேதியியல், புள்ளியியல், உடற்கூறியல், மருத்துவக் கல்வியியல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நோயாளியைப் பரிசோதிக்கவும் மருந்து எழுதவும் ஜிஎம்சியின் பதிவும் உரிமமும் வேண்டும். வகுப்பில் பாடம் நடத்த அவை தேவையில்லை. நானும் எம்டி முடித்தவள்தான். பதிவு இல்லாமல் பன்னிரண்டு ஆண்டாக இங்கே கற்பிக்கிறேன்.

கரூர்க்காரரே, நீங்கள் எதையுமே சொல்லவில்லை. எந்தத் துறை? ஒப்பந்தத்தில் பதவிப்பெயர் என்ன? எந்த விசா? நோயாளிகளைப் பார்க்கும் வேலை இருக்கிறதா? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது குறிபார்க்காமல் எறிந்த கல்தான்.

உயிர்வேதியியல், மான்செஸ்டர்

இவரை ஜிஎம்சி கேட்டுத் துரத்துகிறார்கள், என்னைத் தகுதிகாண் பருவம் துரத்துகிறது. மூன்று ஆண்டு! ஊரில் பதினான்கு ஆண்டு கற்பித்த அனுபவம் இங்கே செல்லாது. கற்பித்தலில் முதுநிலைச் சான்றிதழ் படிக்க வேண்டும், அட்வான்ஸ் எச்இ அமைப்பின் ஃபெலோ ஆக வேண்டும், ஆய்வு நிதி கொண்டுவர வேண்டும், இருநூறு விடைத்தாளைப் பதினைந்து வேலை நாளில் திருத்தி ஒவ்வொன்றுக்கும் பத்தி பத்தியாகக் கருத்து எழுத வேண்டும். என் முதல் வகுப்பை மூத்தவர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். "மாணவர்களைப் பேசவிடவில்லை" என்று குறிப்பெழுதினார். எங்கள் ஊரில் ஆசிரியர் பேசுவார், மாணவர் கேட்பார். அப்படித்தான் நான் தங்கப்பதக்கம் வாங்கினேன்.

யாழ்ப்பாணத்து அக்கா

அந்தக் குறிப்பு எனக்கும் வந்தது, தம்பி. அன்றிரவு அழுதேன். ஆனால் அது சரியான குறிப்பு. எட்டுப் பேர் சுற்றியிருந்து ஒரு நோயாளியின் கதையை அவிழ்க்கும் வகுப்பில் நான் நாற்பது நிமிடம் தனியாகப் பேசியிருக்கிறேன். சான்றிதழ் படிப்பை வெறுக்காதீர்கள். ஒருவர் கேள்வி கேட்டதும் பதில் சொல்லாமல் பத்து விநாடி காத்திருக்கப் பழகியது அங்கேதான். இன்றும் அது எனக்குக் கைகொடுக்கிறது.

கரூர்க்காரன்

மன்னிக்க வேண்டும், பதற்றத்தில் முக்கியமானதை எல்லாம் விட்டுவிட்டேன். என் துறை உடற்கூறியல். எம்பிபிஎஸ், எம்டி அனாட்டமி. பதவிப்பெயர் "லெக்சரர் இன் கிளினிக்கல் அனாட்டமி". ஸ்கில்ட் வொர்க்கர் விசா. நோயாளிகளைப் பார்க்கும் வேலை எதுவும் இல்லை. முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு உடல் அறுவை வகுப்பும் சிறுகுழு வகுப்பும் மட்டும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் மனதை உறுத்துகிறது. செவ்வாயன்று டிசெக்‌ஷன் ஹால் வாசலில் தொழில்நுட்பப் பணியாளர் என்னைத் தடுத்து, கைப்பேசியைப் பெட்டியில் வைத்துவிட்டு வரச் சொன்னார். பெயர்ப் பட்டியலில் நான் இல்லை என்று உள்ளேயும் விடவில்லை. மாணவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினோரு ஆண்டு அந்த அறைக்குள்ளேயே வாழ்ந்தவன் நான்.

எடின்பரோ உடற்கூறியல்

"கிளினிக்கல்". அந்த ஒரு சொல்தான் உங்கள் தூக்கத்தைப் பறித்திருக்கிறது.

இங்கே பல்கலைக்கழகப் பணியாளர்களை இரண்டாகப் பிரிப்பார்கள். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள் கிளினிக்கல் அகடமிக். மற்றவர்கள் எல்லோரும் நான்-கிளினிக்கல். சம்பள அட்டவணை வேறு, ஓய்வூதியம் வேறு, படிவங்களும் வேறு. உங்கள் பாடத்தின் பெயரில் அந்தச் சொல் இருப்பதைப் பார்த்து யாரோ உங்களை முதல் வகையில் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் தாள்களிலேயே அதைக் காட்ட முடியும்.

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் உங்களுக்குத் தந்த சிஓஎஸ் ஆவணத்தை எடுங்கள். அதில் தொழில் குறியீடு நான்கு இலக்கத்தில் இருக்கும். 2311 என்றிருந்தால் உயர்கல்வி ஆசிரியர். மருத்துவராக எடுத்திருந்தால் 2211 அல்லது 2212 என்று இருக்கும். விசாவுக்கு ஐஎச்எஸ் என்ற சுகாதாரக் கட்டணம் கட்டினீர்களா? வயது வந்தவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. கட்டியிருந்தால், உங்களை மருத்துவப் பணிக்கான ஹெல்த் அண்ட் கேர் விசாவில் எடுக்கவில்லை என்று பொருள்; அந்த விசாக்காரர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. பிறகு பணி விளம்பரத்தோடு வந்த தகுதிப் பட்டியலைப் பாருங்கள். "அவசியம்" என்ற பத்தியில் ஜிஎம்சி கேட்கப்படாவிட்டால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது.

கார்டிஃப் கண் மருத்துவர்

எடின்பரோ மேடம் சொல்வது சரி. நான் என் துறையை வைத்து எல்லோரையும் அளந்துவிட்டேன். கரூர்க்காரர் பயந்திருந்தால் அதற்கு நானும் ஒரு காரணம், மன்னியுங்கள். தொழில்சார் சுகாதாரப் பிரிவைப் பற்றிச் சொன்னது மட்டும் உங்களுக்கும் பொருந்தும். உடல்களோடு வேலை செய்வதால் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி விவரம் கேட்பார்கள். காசநோய்க்கு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். நமக்கெல்லாம் சிறுவயதிலேயே பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை குழப்பும். ரத்தச் சோதனையைப் பிசிஜி பாதிக்காது.

நியூகாசில் மருத்துவர்

அப்படியென்றால் பிளாப் வேண்டாம் என்கிறீர்களா? வருங்காலத்தில் மருத்துவமனைக்குள் போக நினைத்தால்? எழுதி வைத்துக்கொள்வது நல்லதுதானே?

எடின்பரோ உடற்கூறியல்

நினைத்தால் எழுதட்டும், டாக்டர். இந்த ஐந்து நாளில் வேண்டாம்.

இப்போது கைப்பேசி விஷயம். கரூர்க்காரரே, இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பணியாளர் உங்களை அவமதிக்கவில்லை.

நம் ஊரில் டிசெக்‌ஷன் ஹாலுக்கு வரும் உடல்களில் பல யாரும் தேடி வராதவை. சாலையோரத்தில் இறந்தவர்கள், அரசு மருத்துவமனையில் பெயர் தெரியாமல் இறந்தவர்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. நான் படித்தபோது என் மேசையில் கிடந்தவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இப்போது நினைத்தால் மனம் வலிக்கிறது.

இங்கே அப்படி இல்லை. 1999, 2001 வாக்கில் பிரிஸ்டலிலும் லிவர்பூல் ஆல்டர் ஹேயிலும், இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தது வெளியே வந்தது. நாடே கொதித்தது. அதன் விளைவுதான் 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம். அது 2006 செப்டம்பரில் முழுமையாக அமலுக்கு வந்தது. நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில் அதுதான் சட்டம். உடற்கூறியல் வகுப்புக்கு ஒரு உடல் வர வேண்டுமானால் அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே எழுத்தில், சாட்சியோடு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். இறந்த பிறகு மகனோ மனைவியோ நினைத்தாலும் தர முடியாது. அந்த அறைக்கே உரிமம் உண்டு; அதற்குப் பொறுப்பானவர் என்று ஒருவரைப் பெயரிட்டு நியமித்திருப்பார்கள். அங்கே ஏதாவது தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால்தான் பெயர்ப் பட்டியல், அதனால்தான் கைப்பேசிப் பெட்டி. நான் இருக்கும் ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, ஆனால் வாசலில் பெட்டி இங்கேயும் உண்டு.

ஆண்டு முடிவில் கொடையாளர்களுக்கு நன்றி சொல்லும் கூட்டம் நடக்கும். குடும்பத்தார் வருவார்கள். நான் சென்ற முதல் கூட்டத்தில் வயதான ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர், கடைசியாகவும் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்றுதான் கையெழுத்துப் போட்டார். மாணவர்கள் நன்றாகப் படித்தார்களா?" என்று கேட்டார். படித்தார்கள் என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து என் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் மேசையில் இருப்பவரைப் பற்றித்தான். பெயர் சொல்ல மாட்டோம். அவர் இதை விரும்பிக் கொடுத்தார் என்பதைச் சொல்வேன்.

அந்தப் பணியாளரிடம் நாளை போங்கள். பாதுகாப்பு அறிமுக வகுப்பு எப்போது என்று கேளுங்கள். எந்தத் துறையிலும் முதலில் நட்பாக்கிக்கொள்ள வேண்டியவர் அவர்தான். உங்கள் பேராசிரியர் விடுப்பில் போவார், அவர் போகமாட்டார்.

உயிர்வேதியியல், மான்செஸ்டர்

நல்ல விஷயம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பணக் கஷ்டம். எங்கள் பக்கத்துத் துறையில் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். விசாவில் இருப்பவனுக்கு விருப்ப ஓய்வு என்றால் என்ன? வேலை போனால் விசாவும் போகும். இதை யாரும் நேர்காணலில் சொல்வதில்லை. ஓய்வூதியம் என்று சம்பளத்தில் 6.1 சதவீதம் பிடிக்கிறார்கள், நான் அதிலிருந்து விலகிவிட்டேன். ஐந்து ஆண்டில் ஊருக்குப் போகப்போகிறவனுக்கு எதற்கு?

கார்டிஃப் கண் மருத்துவர்

விலகியிருக்கக் கூடாது. நீங்கள் 6.1 போட்டால் யுஎஸ்எஸ் என்ற பல்கலைக்கழக ஓய்வூதியத் திட்டத்தில் பல்கலைக்கழகம் 14.5 சதவீதம் போடுகிறது. விலகினால் அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, போயே போய்விடும்.

உயிர்வேதியியல், மான்செஸ்டர்

கையில் பணம் இல்லாதபோது அறுபது வயதுக் கணக்கு யாருக்கு வேண்டும்? வாடகை, பிள்ளையின் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய காப்பகம், மின்சாரம். நவம்பரில் நான்கு மணிக்கு இருட்டிவிடுகிறது. என் மனைவி பல் மருத்துவர், மூன்று ஆண்டாக வீட்டில் இருக்கிறார். இதையும் எழுதத்தானே வேண்டும்.

பர்மிங்காம் நெல்லையாள்

எழுத வேண்டும்தான், அண்ணா. நானும் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். ஆனால் உங்கள் மனைவியை எங்கள் வாரக் கூட்டத்துக்கு அனுப்புங்கள், அல்லது தனிச்செய்தியில் எழுதச் சொல்லுங்கள். எங்களோடு ஒரு பல் மருத்துவர் இருந்தார். வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான ஓஆர்இ தேர்வை இரண்டு பேர் சேர்ந்து படித்தார்கள். தனியாகப் படித்தால் மனம் விட்டுப்போகும்.

சனிக்கிழமை பர்மிங்காம் பக்கத்துத் திவிடேல் பாலாஜி கோவிலுக்கு வருவோம். கரூர் அண்ணாவுக்குப் பக்கமாக இருந்தால் குடும்பத்தோடு வாருங்கள். தமிழ் பேசிப் பத்து நாள் ஆகியிருந்தால் பேசவே தொண்டை திறக்காது, எனக்குத் தெரியும்.

நியூகாசில் மருத்துவர்

கோவில் என்றதும் எனக்கு மறுபடி ஈஸ்ட்ஹாம் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் ஒரு புளியோதரைப் பொட்டலத்தை மூன்றாகப் பிரித்து...

யாழ்ப்பாணத்து அக்கா

டாக்டர் அண்ணா, அந்தக் கதையை நான் இன்னொரு நாள் முழுதாகக் கேட்கிறேன். இந்தத் தம்பிக்கு ஐந்து வேலை நாளில் இன்று இரண்டு போய்விட்டது. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் பேசுவோம்.

தம்பி, நாளை காலை ஒன்பது மணிக்கு முன்னால் துறைத்தலைவருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் போடுங்கள். தயங்காதீர்கள். உங்களைத் தேர்ந்தெடுத்தவர் அவர். நீங்கள் வேலையைத் தொடங்க முடியாமல் இருப்பது அவருடைய கால அட்டவணையையும்தான் உடைக்கிறது. "என்னிடம் ஜிஎம்சி எண் கேட்டிருக்கிறார்கள். என் பணியில் நோயாளிகள் இல்லை. பணி விளம்பரத்திலும் அது கேட்கப்படவில்லை. என்னைக் கிளினிக்கல் பட்டியலில் தவறாகச் சேர்த்திருக்கலாம் என்று நினைக்கிறேன். மனிதவளப் பிரிவுக்கு உறுதிப்படுத்த முடியுமா?" இவ்வளவு போதும். அந்த நான்கு இலக்கக் குறியீட்டையும் சேருங்கள். நகல் மனிதவளப் பிரிவுக்கு. மன்னிப்புக் கேட்டுத் தொடங்க வேண்டாம். நாம் எல்லோரும் அந்தப் பிழையைச் செய்கிறோம். இங்கே மன்னிப்போடு தொடங்கும் கடிதத்தைப் படிப்பவர் தவறு நம்முடையது என்றே எடுத்துக்கொள்வார்.

அதே நாள் மனிதவளப் பிரிவிடம் வங்கிக்கான அறிமுகக் கடிதம் கேளுங்கள். முகவரி, வேலை இரண்டும் அதில் இருக்கும். பெரிய வங்கி நாளைக் கடத்தினால் மான்சோ மாதிரிக் கைப்பேசி வங்கியில் முயன்று பாருங்கள். கணக்கு எண் கிடைத்த அன்றே சம்பளப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு கடைசித் தேதி வைத்திருப்பார்கள். அது தாண்டியிருந்தால் முன்பணம் கேளுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள்.

எடின்பரோ உடற்கூறியல்

அக்காவோடு சேர்த்து இன்னும் சில. சம்பளப் பிரிவு தரும் "ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்" படிவத்தை நிரப்பினீர்களா? இந்த வரியாண்டில், அதாவது ஏப்ரல் 6க்குப் பிறகு, இந்த நாட்டில் இது உங்கள் முதல் வேலை என்றால் அதில் ஏ என்ற வாசகம் உங்களுடையது. அதை நிரப்பாவிட்டால் 12,570 பவுண்டு வரிவிலக்கே இல்லாமல் முதல் பவுண்டிலிருந்து வரி பிடிப்பார்கள். பிறகு திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் உங்களுக்குப் பணம் தேவைப்படுவது இந்த மாதம். சமூகக் காப்பீட்டுக்கான நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணுக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். எண் வரும்வரை வேலை செய்யத் தடை இல்லை.

குடியேற்ற நிலை இப்போது அட்டையில் இல்லை, இ-விசாதான். விசாத் துறையான யுகேவிஐயின் இணையக் கணக்கில் நுழைந்து, உங்கள் விசா நிலையைப் பிறருக்குக் காட்டும் ஷேர் கோடு எடுத்து வையுங்கள். தொண்ணூறு நாள் செல்லும். வேலைக்கு ஒன்று, வீட்டு உரிமையாளருக்கு இன்னொன்று. மனைவிக்கும் தனியாக எடுக்க வேண்டும்.

வீட்டு முன்வைப்பு ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருக்கும் வரை அதுதான் இங்கிலாந்தின் சட்டம். கொடுத்த பணத்தை முப்பது நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டுச் சான்று தர வேண்டும். வெறும் ரசீதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது படுக்கையறை மூலைகளையும் அலமாரியின் பின்பக்கத்தையும் பாருங்கள். அக்கா சொன்ன பூஞ்சணம் அங்கேதான் ஒளிந்திருக்கும். உங்கள் பல்கலைக்கழகத்திலேயே பணியாளர் குடும்பங்களுக்கான தற்காலிக வீடு இருக்கலாம், தங்குமிட அலுவலகத்தில் நாளையே கேளுங்கள். அது கிடைத்தால் டிக்கெட்டை மாற்ற வேண்டிய அவசியமே வராது. அக்கா, நெல்லையாள் இருவர் மனமும் நிறையும்.

முகவரி கிடைத்ததும் மகளின் பள்ளிக்கு நகராட்சியிடம் விண்ணப்பம். கல்வியாண்டின் நடுவில் சேர்வதற்கென்று தனிப் படிவம் உண்டு. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லை என்றால் எங்கே இடம் இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயம் இல்லை. வரவேற்பறையில் வேறு மாதிரி சொன்னால் பணிவோடு இதைச் சொல்லுங்கள். நீங்கள் கட்டிய சுகாதாரக் கட்டணம் இதற்குத்தான்.

இந்தியக் காவல்துறைச் சான்று கையில் இருக்கிறதா? இல்லாவிட்டால் விஎஃப்எஸ் என்ற விண்ணப்ப மையம் வழியாக இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆனால் நாளாகும். அதையும் இந்த வாரமே தொடங்குங்கள்.

யாழ்ப்பாணத்து அக்கா

இந்த ஓய்வூதியத்தைப் பற்றி மான்செஸ்டர் தம்பி சொன்னதைக் கேட்டு அவசரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். முதல் மூன்று சம்பளத் தாளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தொழிற்சங்கத்தில் சேருங்கள். யுசியு என்று பெயர். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் அந்தப் பிரச்சினைக்கு உதவ அவர்கள் தயங்கலாம். வருவதற்கு முன்பே சேர வேண்டும்.

உயிர்வேதியியல், மான்செஸ்டர்

சங்கம் விஷயத்தில் அக்கா சொல்வதுதான் சரி. என் தகுதிகாண் கூட்டத்துக்கு என்னோடு வந்து உட்கார்ந்தவர் சங்கக்காரர்தான். ஓய்வூதியத்தைப் பற்றி நானும் மறுபடி யோசிக்கிறேன்.

கரூர்க்காரன்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோரும் மன்னிக்க வேண்டும், ஓட்டமாக இருந்தது.

அக்கா எழுதிய நான்கு வரியை அப்படியே அனுப்பினேன். குறியீடு 2311தான். துறைத்தலைவர் இருபது நிமிடத்தில் தொலைபேசியில் அழைத்தார். "இதை ஏன் முதல் நாளே என்னிடம் சொல்லவில்லை?" என்றுதான் கேட்டார். மாலைக்குள் மனிதவளப் பிரிவிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது: பதவிப்பெயரால் தவறான படிவம் போய்விட்டது, ஜிஎம்சி தேவையில்லை, அடையாள அட்டை சரிசெய்யப்படும். அதை மூன்று முறை படித்தேன். பிறகு ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். அம்மாவிடம் நடந்த எதையும் சொல்லவில்லை, ஆனால் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

சம்பளத்துக்கான கடைசித் தேதி தாண்டிவிட்டது. பாதிச் சம்பளம் முன்பணமாகத் தருகிறார்கள். பல்கலைக்கழக வீடு ஆறு வாரத்துக்குக் கிடைத்திருக்கிறது, ஒரு படுக்கையறை. மூலைகளைப் பார்த்தேன், காய்ந்திருக்கின்றன. டிக்கெட்டை மாற்றவில்லை.

டிசெக்‌ஷன் ஹால் பணியாளரிடம் போய்ப் பேசினேன். தேநீர் கொடுத்தார். வியாழக்கிழமை அறிமுக வகுப்பு. பதினெட்டு ஆண்டாக அங்கே இருக்கிறாராம். ஒவ்வொரு கொடையாளர் வந்து சேரும்போதும் அவர் ஒருவராக நின்று வரவேற்பாராம், யாரும் பார்க்காவிட்டாலும். ஊரில் எங்கள் ஹாலைப் பார்த்துக்கொண்ட வயதான ஊழியர் காலையில் கதவைத் திறக்கும்போது வாசற்படியைத் தொட்டுக் கும்பிடுவார். அதை அவரிடம் சொன்னேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. நகராட்சிப் பள்ளிப் படிவத்தில் ஆறு வாரத் தற்காலிக முகவரியைக் கொடுக்கலாமா, நிலையான வீடு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

பர்மிங்காம் நெல்லையாள்

காத்திருக்க வேண்டாம் அண்ணா, இப்போதே கொடுங்கள். வீடு மாறினால் முகவரி மாற்றம் சொல்லிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் அண்ணியின் கைப்பையில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம். மகளுக்குக் குளிர்கோட்டு வாங்காதீர்கள். என் மகனுக்குச் சிறியதாகிப்போனது நல்ல நிலையில் இருக்கிறது. சனிக்கிழமை கோவிலுக்குக் கொண்டுவருகிறேன்.